மாஃப் சென்சார் கழுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்குத் தினமும் 2014 மாடல் டீசல் காரில் வேலைக்குப் போய் வருகிறவன். அந்தக் காரின் மாஃப் சென்சாரை ஒரே வருடத்தில் மூன்று முறை கழற்றிக் கழுவினேன், முதல் இரண்டு முறையும் வீண் வேலை. அது தெரிந்ததிலிருந்து தெருவிலும் ஆபீஸிலும் யாருடைய வண்டி இழுக்கவில்லை என்றாலும் கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

கே: மாஃப் சென்சார் என்ன வேலை செய்கிறது? மெக்கானிக் 'ஏர் மாஸ்' என்று சொல்கிறாரே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். ஏர்ஃப்ளோ சென்சார், ஏர் மாஸ் மீட்டர், மாஃப் எல்லாமே இந்த ஒரு சாமானைத்தான் குறிக்கும். இன்ஜினுக்குள் போகிற காற்றின் எடையை அளந்து ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. பெட்ரோல் இன்ஜினில் 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வருகிறது. அத்தனை காற்றும் இந்தச் சின்னச் சாமானைத் தாண்டித்தான் உள்ளே போகிறது.

அளக்கிற முறை எளிது. சூடான டீயை ஊதினால் ஆறுகிறது, வேகமாக ஊதினால் வேகமாக ஆறுகிறது இல்லையா, அதே கதைதான். சென்சாருக்குள் முடி போல மெல்லிய பிளாட்டினக் கம்பியோ அல்லது ஒரு மெல்லிய தகடோ இருக்கும். அதை மின்சாரம் கொடுத்து, வெளிக்காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு அதிகச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். காற்று அதைக் குளிர்விக்கக் குளிர்விக்க, சூட்டை விடாமல் பிடிக்க எவ்வளவு கரண்ட் கூடுதலாகத் தேவைப்படுகிறதோ அதுதான் காற்றின் கணக்கு. கொள்ளளவை விட்டுவிட்டு எடையை அளப்பதற்கும் காரணம் இருக்கிறது. அக்னி நட்சத்திர மதியத்தில் காற்று லேசாகிவிடும், மார்கழி விடியலில் அடர்த்தியாக இருக்கும். ஒரே அளவு காற்றில் ஆக்சிஜன் மட்டும் மாறும்.

இப்போது அந்தக் கம்பிமேல் தூசி படிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசிக்கலாம். கம்பளி போர்த்திக்கொண்டவனுக்குக் காற்று உறைக்காது. உள்ளே 10 கிராம் போனாலும் சென்சார் எட்டு என்று சொல்லும், ஈசியூ அந்த எட்டுக்குத்தான் பெட்ரோல் கொடுக்கும்.

கே: எல்லாக் காரிலும் இது இருக்குமா?

இருக்காது. சென்சார் கழுவுகிற ஸ்ப்ரேயை வாங்கி வைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து தேடியவர்களை எனக்குத் தெரியும், அதனால் இதை முன்னாலேயே சொல்கிறேன். நம் ஊரில் ஓடுகிற சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, அதற்குப் பதிலாக மேப் சென்சார் இருக்கும். அது இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்குப் போடுகிற வேறு சாதி. காமன் ரெயில் டீசல் கார்களில் பெரும்பாலும் மாஃப் இருக்கும், டொயோட்டா பெட்ரோல்களிலும் வழக்கமாகப் பார்க்கலாம்.

கண்டுபிடிக்க ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து கிளம்புகிற குழாயைப் பாருங்கள். டப்பாவின் வாயிலோ அதை ஒட்டிய பிளாஸ்டிக் குழாயிலோ இரண்டு ஸ்க்ரூவில் மாட்டி, நான்கைந்து ஒயர் கொண்ட ஒரு கனெக்டர் செருகியிருந்தால் அதுதான். இரண்டே ஒயர் என்றால் அது வெறும் வெப்பநிலை சென்சாராக இருக்கலாம்.

கே: அழுக்கானால் வண்டியில் என்ன தெரியும்?

பெட்ரோல் வண்டியில் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகம், ஏறி இறங்கும், சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு தயக்கம் இருக்கும், சில சமயம் அணைந்தே போகும், மைலேஜ் குறையும். ஸ்கேனர் போட்டால் P0101 என்ற கோளாறு எண் வரலாம், மாஃப் கணக்கு சரியில்லை என்று அர்த்தம். அது வராமல் P0171 மட்டும் வருவதும் உண்டு, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று ஆக்சிஜன் சென்சார் புகார் சொல்கிறது.

டீசலில் கதை வேறு. அங்கே இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற வால்வு) எவ்வளவு திறக்க வேண்டும், புகை வராமல் எவ்வளவு டீசல் கொடுக்கலாம் என்பதற்கெல்லாம் மாஃப் கணக்குத்தான் ஆதாரம். காற்று குறைவு என்று சென்சார் பொய் சொன்னால் ஈசியூ டீசலைக் குறைத்துவிடும். வண்டி ஓடும், ஆனால் இழுவை இருக்காது. என் வண்டியில் இதுதான் நடந்தது. ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தேன், மூன்று பேரை ஏற்றிய டிவிஎஸ் 50 மாதிரி முனகியது. திரும்பவும் லாரிக்குப் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், இந்த அறிகுறிகள் எதுவுமே மாஃபுக்கு மட்டும் சொந்தமில்லை. டர்போ ஹோஸ் கிழிந்தாலும், டீசல் ஃபில்டர் அடைத்தாலும், இஜிஆர் கரி பிடித்து மாட்டிக்கொண்டாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

கே: பாண்டியில் விலை குறைவு என்று முள்ளோடை பங்கில்தான் எப்போதும் போடுகிறேன். அந்த எரிபொருளால்தான் சென்சார் கெட்டது என்கிறார்கள், உண்மையா?

இல்லை. பெட்ரோலோ டீசலோ இந்தச் சென்சார் பக்கமே வராது. எரிபொருள் போகிற பாதை வேறு, காற்று போகிற பாதை வேறு. மட்டமான எரிபொருளால் இன்ஜெக்டரும் ஃபில்டரும் பாதிக்கப்படலாம், மாஃப் பாதிக்கப்படாது. கடலூரில் பாதிப் பேர் எல்லை தாண்டித்தான் டேங்கை நிரப்புகிறோம், வண்டிக்கு என்ன வந்தாலும் பழியை அந்தப் பங்க் மேல் போடுவது பழகிப்போய்விட்டது.

கே: அப்புறம் அழுக்கு எங்கிருந்துதான் வருகிறது? ஏர் ஃபில்டர் எதற்கு இருக்கிறது?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல ஏர் ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருந்தால் சென்சார் வருடக்கணக்கில் சுத்தமாகவே இருக்கும். அழுக்காகியிருக்கிறது என்றால் தூசி எங்கோ குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

என் கதையைச் சொல்கிறேன். மனைவியின் ஊர் பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்புக்கு நடுவே செம்மண் தடம். விழுப்புரம் நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை நடந்தபோது பாண்டிக்குப் போகிற வழியிலும் புழுதி. ஒரு சர்வீஸ் முடிந்து வந்த சில வாரத்தில் இழுவை குறைந்தது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன், லேசாகச் சிவப்புப் படலம். ஸ்ப்ரே அடித்தேன், வண்டி பறந்தது. மூன்று மாதம் ஆனது, மறுபடியும் முனகல், மறுபடியும் ஸ்ப்ரே, ஒரு வாரம் சந்தோஷம். மூன்றாவது தடவை கழற்றியபோதுதான் புத்தி வந்து ஏர் ஃபில்டர் டப்பாவை முழுசாகத் திறந்தேன். பின்பக்கம், கை எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு கிளிப் மாட்டப்படவே இல்லை. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் மடங்கிக் கிடந்தது. டப்பாவின் சுத்தமான பக்கத்தில், அதாவது ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக் கூடாத பக்கத்தில், விரலால் தேய்த்தால் பண்ருட்டிச் செம்மண் வருகிறது. சர்வீஸில் யார் அவசரத்தில் மூடினார்களோ, நானும் இரண்டு தடவை பார்க்காமல் விட்டேன் என்பதால் திட்டவும் வாயில்லை. விளிம்பைச் சரிசெய்து கிளிப்பை மாட்டிய பிறகு இன்றுவரை நான் அந்தச் சென்சாரைத் தொடவில்லை.

அதனால் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுக்குமுன் ஒரு வெள்ளைத் துணியை எடுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் பகுதியைத் துடைத்துப் பாருங்கள். துணி அழுக்கானால் ஓட்டை எங்கே என்று தேடுங்கள்: ரப்பர் விளிம்பு, கிளிப், டப்பாவில் விரிசல், அளவு சரியில்லாத மலிவு ஃபில்டர். எலியையும் மறக்காதீர்கள். ராத்திரி நிறுத்திய காரின் ஃபில்டர் டப்பாவுக்குள் தேங்காய் நாரும் முந்திரிக்கொட்டைத் தோலும் சேர்த்து எலி குடித்தனம் நடத்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேப்பர் ஃபில்டரில் ரூபாய் அளவு ஓட்டை போட்டிருந்தது.

எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டர் போட்டிருப்பவர்கள், கழுவிய பின் எண்ணெயை அதிகமாக ஊற்றினால் அது காற்றோடு போய்ச் சென்சாரில் ஒட்டும். அதன்மேல் தூசி ஒட்டும். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு அந்த ஃபில்டர் எதற்கு என்பது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

கே: கடல் காற்றால் சென்சார் கெடுமா? வீடு தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில்.

உள்ளே இருக்கும் கம்பியைவிட வெளியே இருக்கும் கனெக்டரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். உப்புக் காற்றில் பின்களில் பச்சை பூக்கும். பூத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், P0102 போன்ற கோளாறு எண்கள் வந்து வந்து போகும். கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள், பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். சென்சாரே போய்விட்டது என்று சொல்லப்பட்ட வண்டி இந்த ஒரு வேலையில் சரியானதும் உண்டு.

கே: சரி, எப்படிக் கழுவுவது?

முதலில் வண்டி ஓடி வந்திருந்தால் நன்றாக ஆற விடுங்கள். ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிக்கக்கூடியது, சூடான இன்ஜின் பக்கத்தில் விளையாட்டு வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்க வேண்டாம்.

சாவியை எடுத்துவிடுங்கள். கனெக்டரில் ஒரு பூட்டு இருக்கும், அதை அமுக்கிக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய வண்டியில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அவசரப்பட்டால் கையோடு வந்துவிடும். சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் சிலவற்றுக்குச் சாதாரண ஸ்டார் போதும், சிலவற்றுக்கு நடுவில் துளையுள்ள டார்க்ஸ் பிட் வேண்டும், அது இல்லாமல் இடுக்கியை வைத்துத் திருகினால் ஸ்க்ரூ தலை வழுக்கிவிடும். ஸ்க்ரூ கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஜின் இடுக்கில் விழுந்த ஸ்க்ரூவைத் தேடுவதைவிடக் கூவத்தில் தேடலாம்.

சென்சாரை நேராக வெளியே எடுங்கள். நுனியில் ஒரு சின்ன வாசல், அதற்குள் கம்பியோ தகடோ தெரியும். பக்கத்தில் குண்டுமணி மாதிரி தொங்குவது பெரும்பாலும் காற்றின் வெப்பநிலை சென்சார். மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து தடவை அடியுங்கள். வழிகிற திரவம் கனெக்டர் பக்கம் போகாமல் நுனி கீழே பார்த்தபடி இருக்கட்டும். எதையும் வைத்துத் துடைக்க வேண்டாம். பட்ஸ், பிரஷ், வேட்டி நுனி, எதுவும் கூடாது. ஸ்ப்ரேயில் போகாத அழுக்கு விரலில் போகாது, கம்பிதான் போகும்.

அப்புறம் காயவிடுங்கள். பத்து நிமிடம் போதும் என்பார்கள், நான் அரை மணி நேரம் விடுவேன், ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஊதிக் காயவைக்க வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஓ ரிங் ரப்பர் ஒழுங்காக இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்து, உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கும்படி வைத்து, ஸ்க்ரூவை அளவாக முறுக்குங்கள். பிளாஸ்டிக் மரை, இறுக்கினால் வழுக்கிவிடும்.

கே: வீட்டில் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவுகிற ஸ்ப்ரே) இருக்கிறது. டபிள்யூடி 40 இருக்கிறது. பெட்ரோலில் முக்கினால் என்ன?

மூன்றும் வேண்டாம். கார்ப் கிளீனரும் பிரேக் கிளீனரும் சென்சாரின் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் அரிக்கலாம். வழக்கமான டபிள்யூடி 40 எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், அது தூசிக்குக் கோந்து. பெட்ரோலிலும் காய்ந்த பின் ஏதாவது மிஞ்சும். மாஃப் கிளீனர் என்று போட்ட ஸ்ப்ரேயின் சிறப்பே, அது முழுக்க ஆவியாகிப் பின்னால் எதையும் விடாமல் போவதுதான். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு டப்பா நான்கைந்து தடவைக்கு வரும். தெருவுக்கே ஒன்று போதும்.

கே: பங்க்சர் கடையில் ஏர் அடித்து ஊதிவிட்டால் தூசி போய்விடாதா?

தூசியும் போகும், கம்பியும் போகும். கம்ப்ரசர் காற்றின் வேகம் அந்தக் கம்பி தாங்குகிற வேகம் இல்லை. ஏர் ஃபில்டர் பேப்பரையும் அப்படி நெருக்கிப் பிடித்து ஊதாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஊதியே தீர வேண்டும் என்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளி நின்று, மெதுவாக.

கே: கழுவினேன், செக் இன்ஜின் லைட் அணையவில்லை.

பதிவான கோளாறு எண்ணை அழிக்கும்வரை சில வண்டியில் எரியும், சிலவற்றில் சில நாள் ஓட்டினால் தானாகவே அணையும். போனோடு சேரும் ப்ளூடூத் ஓபிடி கருவி (ஈசியூவில் இருப்பதைப் படிக்கிற சின்ன ஸ்கேனர்) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 2013-க்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் கீழே செருகிப் பார்க்கலாம். பெட்ரோல் வண்டியில் ஈசியூ பழைய பொய்க்கணக்குக்கு ஏற்றபடி எரிபொருளைத் திருத்தி வைத்திருக்கும், புதுக்கணக்குக்குப் பழகக் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும். ஆரம்பத்தில் ஐடில் தடுமாறினால் பயப்பட வேண்டாம்.

கே: அந்தக் கருவியில் என்ன பார்க்க வேண்டும்?

மாஃப் என்று நொடிக்கு இத்தனை கிராம் என ஒரு எண் காட்டும். இன்ஜின் சூடான பிறகு, ஏசி அணைத்து, ஐடிலில் விட்டால் நம் ஊர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் சுமாராக 2 முதல் 5 கிராமுக்குள் இருக்கும். டீசலில் இந்த அளவுகோல் பொருந்தாது, இஜிஆர் திறந்து மூடுவதற்கேற்ப எண் எகிறி இறங்கும். ஒற்றை எண்ணைவிட, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எண் சடாரென்று, தங்குதடையில்லாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். பெட்ரோலில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்பதையும் பாருங்கள், ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ திருத்தி வைத்திருக்கிறது என்ற கணக்கு அது; கழுவுமுன் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, கழுவி ஒரு வாரம் ஓட்டிய பின் பூஜ்யத்தை நோக்கி வந்தால் நீங்கள் செய்தது சரியான வேலை. அசையவே இல்லையென்றால் குற்றவாளி வேறு ஆள். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றைத் திறந்து மூடுகிற வால்வு) நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸை விரித்து, மடிப்புக்குள் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அளக்கப்படாத காற்று அந்த வழியாக நுழைந்தால் நல்ல சென்சாரும் பொய்யன் ஆகிவிடும்.

கே: சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி நன்றாக இருக்கிறது. அப்படியே விடலாமா?

சோதனைக்கு நல்லது, குடித்தனத்துக்கு ஆகாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. ஈசியூ சொந்தமாக ஒரு உத்தேசக் கணக்கில் ஓடும், சில வண்டி ஐடிலில் நிற்காது. கழற்றியதும் இழுவை திரும்பினால் சென்சார் மேல் சந்தேகப்படலாம். ஆனால் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் லைட் எரிந்துகொண்டே இருக்கும், டீசலில் இஜிஆரும் வேலை செய்யாது, நாளை வேறு கோளாறு வந்தால் அந்த எரிகிற லைட்டுக்குள் அது மறைந்துவிடும்.

கே: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்?

கணக்கு வைத்துக் கழுவ வேண்டாம். 1980-களில் வந்த பாஷ் சூட்டுக்கம்பி சென்சார்களில், இன்ஜினை அணைத்ததும் கம்பி ஒரு நொடி 1,000 டிகிரி அளவுக்குச் சிவக்கச் சூடேறித் தன் அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். இப்போதைய தகடு வகைக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றாலும் தூசி நேரே மேலே படாதபடி உள்வழியை வளைத்து அமைக்கிறார்கள். ஏர் ஃபில்டர் மாற்றும்போது ஒரு பார்வை பாருங்கள், சுத்தமாக இருந்தால் கை வைக்காதீர்கள். ஏர் ஃபில்டரைத்தான் கணக்காகப் பார்க்க வேண்டும். புழுதிச் சாலையில் ஓடுகிறவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியிலேயே திறந்து பார்ப்பது நல்லது. வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம்.

கே: மழை வெள்ளத்தில் வண்டி நின்றது. மாஃபைக் கழுவினால் போதுமா?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பாண்டியில் நிறைய கார்கள் தண்ணீரில் நின்றன, அப்போது இதைப் பலர் கேட்டார்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஒரு தடவைகூட முயலக் கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மாஃப் எல்லாம் அப்புறம், முதலில் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கே: கழுவியும் சரியாகவில்லை, புதுசு வாங்கலாமா?

ஹோஸ், கனெக்டர், ஃபில்டர் டப்பா மூன்றையும் பார்த்துவிட்டீர்கள் என்றால் வாங்கலாம். பழைய சென்சார் மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அதே நம்பர் கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும் சென்சார்கள் வேறு அளவில் பேசும். பெயர்பெற்ற கம்பெனிப் பெட்டியில் போலிச் சரக்கு நிறைய வருகிறது. நிஜ விலை சில ஆயிரம் ஆகும் இடத்தில் அறுநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கே: அப்பாவின் அம்பாசிடரில் இந்தச் சென்சார் எங்கே இருக்கும்? கார்புரேட்டர் மாடல்.

எங்கேயும் இருக்காது. வேண்டாம் என்று மேலே ஒதுக்கி வைத்தோமே அந்தக் கார்ப் கிளீனர், அதை எடுத்து அந்த வண்டிக்கு அடியுங்கள்.